சூசைமாணிக்கம் சாரின் ஹைப்ரிட்

எனக்கு ஒரு வியாதி உண்டு. பக்கத்தில் யாராவது "மிக்ஸி வாங்கணும்" என்று பேச்சுவாக்கில் சொன்னால் போதும். அன்று மாலைக்குள் பதினொரு மிக்ஸிகளை ஒப்பிட்டு, அட்டவணை போட்டு, அவர்கள் கையில் திணித்துவிடுவேன். கேட்டார்களா என்பது வேறு விஷயம். (கேட்டதே இல்லை.) இந்த வியாதி முற்றிப்போய், நான்கு வருடங்களுக்கு முன் ஒரு கல்லறைத் திருநாளில், எங்கள் சர்ச் பங்கு ஜனம் மொத்தத்தையும் கல்லறைகளுக்கு நடுவே நிற்க வைத்து நடுங்கவிட்டேன். ஃபாதரும் அதில் சேர்த்தி.

அப்பா முப்பது வருடம் ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரியில் ஸ்டோர் கீப்பர். சேலத்திலிருந்து தினமும் மொபெட்டில் போய் வந்தார். மழையென்றால் தலையில் ஒரு பிளாஸ்டிக் கவர், வெயிலென்றால் அதே கவருக்குள் ஈரத்துண்டு. ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் வீட்டுக் கடன் அடைந்தது, என் படிப்புக் கடன் அடைந்தது, மிச்சத்தில் ஒரு கார் வாங்கலாம் என்று நின்றது. ஒரே ஒரு கார். அம்மாவுக்கு முட்டி போய்விட்டதால் மொபெட்டில் ஏற முடியவில்லை. தப்பான வண்டியை வாங்கிவிட்டால் திருத்திக்கொள்ள இன்னொரு ஓய்வு வரப்போவதில்லை. அப்பா இதைச் சத்தமாகச் சொல்லவில்லை. தினமும் பேப்பரில் கார் விளம்பரத்தை மடித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். அதுவே போதும், தெரிந்துவிடும்.

நான் அப்போதுதான் மெக்கானிக்கல் முடித்து வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா இருக்கிற இன்ஜினியரைப் போல ஆபத்தான ஜந்து கிடையாது.

"ஹைப்ரிட்தான் வாங்கணும்" என்று அறிவித்தேன்.

"அப்படின்னா?" என்றார் அப்பா.

பெட்ரோல் இன்ஜினும் உண்டு, மோட்டாரும் உண்டு. மெதுவாகப் போகும்போது மோட்டார், வேகமெடுத்தால் இன்ஜின். பிரேக் போட்டால் பேட்டரி தானே சார்ஜ் ஆகும். பெட்ரோல் பாதிதான் ஆகும். பாடம் நடத்தினேன். விலை கூடுதல்தான், ஆனால் மிச்சமாகும் பெட்ரோலில் அந்தக் கூடுதல் விலை சில வருடங்களில் திரும்பி வந்துவிடும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

அந்தக் கணக்கைப் பற்றி இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் போட்டபோது அது தேறவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவில், மாதம் ஒரு தடவை அம்மாவின் டாக்டர், வருடத்துக்கு ஒரு வேளாங்கண்ணி. அப்பா ஓட்டப்போவது அவ்வளவுதான். அதற்குப் பெட்ரோலை மிச்சம் பிடித்து ஹைப்ரிட்டின் விலையை எடுக்க வேண்டுமானால் அவர் நூற்றிப் பத்து வயது வரை லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். நான் தோற்கிற ஆளா? அப்பா ஓட்டும் தூரத்தை ஏற்றினேன். திங்கள்: நாமக்கல் போய் வரலாம். செவ்வாய்: ஓமலூர் (காரணம் பிறகு கண்டுபிடித்துக்கொள்ளலாம்). புதன்: மறுபடியும் நாமக்கல். ஓய்வு பெற்ற மனிதரை லைன் பஸ் டிரைவர் ஆக்கியபிறகு கணக்கு அழகாகத் தேறியது.

அப்போதுதான் கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காடு மலைப்பாதை ஆரம்பிக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு ஹைப்ரிட் விலைக்கு இருப்பதாகத் தெரியவந்தது. எங்கள் பங்கைச் சேர்ந்த லூர்துமேரி டீச்சர் வீட்டு வண்டி. அவர் கணவர் சூசைமாணிக்கம் சார் அந்த வருடம்தான் இறந்திருந்தார். டீச்சருக்கு ஓட்டத் தெரியாது. நமக்குத் தெரிந்த குடும்பத்துக்குப் போகட்டும் என்று விலையைக் குறைத்தே சொல்லியிருந்தார்.

அப்பா தன் பங்குக்கு நல்லுசாமியண்ணனை அழைத்துக்கொண்டார். நாமக்கல்லில் லாரி மெக்கானிக். ஃபேக்டரி லாரிகளைப் பார்க்க வந்து அப்பாவுக்குச் சிநேகிதர் ஆனவர். பானெட்டில் காதை வைத்தே நோயைச் சொல்லிவிடுவார்.

நாங்கள் போன காலையில் மழை விட்டிருந்தது. மலையிலிருந்து இறங்கின மூட்டம் தெரு வரைக்கும் வந்து படுத்திருந்தது. போர்ட்டிகோவில் வெள்ளை வண்டி, துணி போட்டு மூடாமல், வாசலைப் பார்த்தபடி நின்றது. டீச்சர் சாவியை என் கையில் கொடுத்தார். நான் உள்ளே உட்கார்ந்து பொத்தானை அழுத்தினேன். பச்சை எழுத்தில் 'ரெடி' என்று வந்தது. சத்தம்? ஒன்றுமில்லை.

நல்லுசாமியண்ணன் பானெட்டில் காதை வைத்தார். இடப்பக்கம் வைத்தார். வலப்பக்கம் வைத்தார். நிமிர்ந்து டீச்சரை ஒரு மாதிரி அனுதாபத்தோடு பார்த்துவிட்டு என்னிடம் குனிந்து கேட்டார்.

"ஏனுங் சாமி, வண்டியும் போயிருச்சுங்களா?"

"ஓடிக்கிட்டுதான் இருக்குண்ணே!"

"மூச்சே காணமே!"

அப்பாவும் அண்ணனும் ஏறிக்கொள்ள, வண்டியை நகர்த்தினேன். சக்கரம் ஜல்லியை நெரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. தெருமுனையில் இரண்டு நாய்கள். கார் என்றால் துரத்த வேண்டும் அல்லவா? துரத்தவில்லை. எழுந்து நின்று, கழுத்தை மட்டும் திருப்பி, நாங்கள் கடக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தன.

அப்போது முன்னால் இருந்த திரை விழித்துக்கொண்டது. 'சூசை போன்: தேடுகிறது' என்று வந்தது. சிறிது நேரம் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, 'கிடைக்கவில்லை'.

நல்லுசாமியண்ணன் திரையிலிருந்து பார்வையை ஜன்னலுக்கு மாற்றிக்கொண்டார்.

"பழைய போனோட இணைப்பு, அவ்வளவுதான். அழிச்சிடலாம்" என்றேன் நான், தேவைக்கு அதிகமான உற்சாகத்தோடு.

"இப்ப வேண்டாம்" என்றார் அப்பா.

திரும்பி வந்து வண்டியை அணைத்துக் கதவைத் திறந்ததும் என் சீட் தானாகப் பின்னால் நகர்ந்தது. மெதுவாக, ஒரு பெருமூச்சு விடுகிற மாதிரி. டிரைவர் இறங்க வசதியாக அமைத்திருந்த ஏற்பாடு அது. எனக்குத் தெரியும். இருந்தாலும் அது போய் நின்ற இடம் என்னைவிட ஒரு முழம் நீளமான கால்களுக்கான இடம்.

"அவர் ஆறடி" என்றார் டீச்சர் வாசலில் நின்றபடி.

நல்லுசாமியண்ணன் விடவில்லை. அதே வண்டியில் வீடு திரும்பும் வழியெல்லாம் என்னைக் குடைந்தார்.

"பேட்டரி போனா என்னங் சாமி பண்ணுவீங்க?"

"சீக்கிரம் போகாதுண்ணே."

"போனா?"

"வாரண்டி இருக்கு."

"இது ஒருத்தரு ஓட்டுன வண்டி. வாரண்டி இன்னும் எத்தன வருசம் மிச்சம்?"

நான் வெளியே தெரிந்த மலையைக் காட்டி அதன் அழகைப் பேசினேன்.

"டீசல் கணக்கு மட்டும் பாத்து வண்டி வாங்கிப்போட்டு, ஸ்பேர் பார்ட்ஸுக்கு தோட்டத்த வித்தவங்க எங்கூர்ல தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க" என்றார் அவர். அப்பா கேட்டுக்கொண்டே வந்தார். அவர் கை சட்டைப்பையைத் தடவிக்கொண்டது.

டீச்சர் பெரிய மனுஷி. "ரெண்டு நாள் வச்சு ஓட்டிப் பாருங்க. கல்லறைத் திருநாளுக்கு நானும் வருவேன். அங்கயே முடிவு சொல்லிடுங்க அந்தோணி சார்" என்று அப்பாவிடம் சொல்லித்தான் வண்டியைக் கொடுத்தனுப்பியிருந்தார்.

அந்த இரண்டு நாளும் நான் மனுஷியாக இல்லை, விளம்பரமாக இருந்தேன். மைலேஜ் குறையக்கூடாது என்று ஏசி போட விடவில்லை. "கண்ணாடிய இறக்காதீங்க, காத்து இழுத்தா பெட்ரோல் போகும்" என்றேன். அம்மா உள்ளே வெந்து நனைந்து, "பெட்ரோல மிச்சம் பண்ணி எனக்கு மாலை வாங்கவாடி?" என்றாள். சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்றதில் பால்காரர் கேனைக் கீழே விட்டார். ஒவ்வொரு தடவை கிளப்பும்போதும் திரை சூசை போனைத் தேடியது. ஒவ்வொரு தடவையும் கிடைக்கவில்லை என்று சொன்னது. இரண்டாம் நாள் அம்மா அந்த வட்டம் சுற்றி முடியும்வரை சிலுவை போட்டுக்கொண்டாள்.

கல்லறைத் திருநாள் வந்தது. சாயங்காலம் ஐந்தரைக்கு ஜெபம். ஊருக்கு வெளியே எங்கள் பங்கின் கல்லறைத் தோட்டம். முன்னால் இரும்பு கேட், கேட்டுக்கு எதிரே சாலை. கல்லறைகளுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். மழைக்கால இருட்டு சீக்கிரமே இறங்கிக்கொண்டிருந்தது. காற்றில்லை. நூற்றுக்கணக்கான சுடர்கள் ஆடாமல் நின்றன.

முடிவு சொல்லும் நாள் என்பதால் நல்லுசாமியண்ணனும் எங்களோடு வந்திருந்தார். அப்பாவின் சட்டைப்பையில் முன்பணம் இருந்த கவர். கடைசி முயற்சியாக நான் என் துருப்புச்சீட்டை எடுத்தேன். தூரத்திலிருந்தே, பேட்டரியில் மட்டும் ஓட வைக்கும் பொத்தானை அழுத்தி, கூட்டத்துக்கு நடுவே ஒரு சொட்டுப் பெட்ரோல் செலவில்லாமல் ஊர்ந்து வந்தேன். பூக்கூடைகளோடு நடந்துகொண்டிருந்தவர்கள் எங்களை உணரவே இல்லை. ஏதோ தோன்றித் திரும்பினால் முழங்கையருகே ஒரு வெள்ளைக் கார். ஒரு பாட்டி "யேசுவே!" என்று என் கண்ணாடியில் மெழுகுவர்த்திக் கட்டை எறிந்தார்.

"பாத்தீங்களாப்பா? ஜீரோ பெட்ரோல்!" என்றேன்.

கேட்டுக்கு நேர் எதிரே, உள்ளே பார்த்தபடி நிறுத்தினேன். இறங்கினேன். நல்லுசாமியண்ணன், "நீங்க போய்ட்டு வாங்க, நான் வண்டிகிட்டயே இருக்கறேனுங்க" என்று பானெட்டில் சாய்ந்து வெற்றிலையைப் பிரித்தார். அவர்தான் காவலுக்கு இருக்கிறாரே என்று கைப்பையை வண்டியிலேயே வைத்துவிட்டு உள்ளே ஓடினேன். சாவி அதில்தான் இருந்தது.

ஜெபம் நடந்தது. முடிவில் எங்கள் பங்கில் ஒரு வழக்கம்: அந்த ஒரு வருடத்தில் இறந்தவர்களின் பெயர்களை ஃபாதர் ஒவ்வொன்றாக வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சின்ன மணி. அந்தக் குடும்பத்தார் மட்டும் ஒரு அடி முன்னால் வந்து நிற்பார்கள். மணிக்கும் அடுத்த பெயருக்கும் நடுவே வருகிற அமைதி இருக்கிறதே, அதில் மெழுகு உருகுவது கூடக் கேட்கும்.

டீச்சர் எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்தார். அவருக்கு முன்னால் சாரின் புதுக் கல்லறை, சிமெண்ட் நிறம் இன்னும் மாறவில்லை.

நான்கைந்து பெயர் போயிருக்கும். கேட்டுப் பக்கமிருந்து ஒரு வெளிச்சம் வந்தது. சத்தமே இல்லாமல். இரும்புக் கம்பிகளின் நிழல் நீண்டு நீண்டு கல்லறைகள்மேல் படுத்தது. சிலர் திரும்பினார்கள். எதிரே காரின் இரண்டு விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. டிரைவர் சீட்டில் யாருமில்லை.

ஃபாதர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு காகிதத்தைப் பார்த்தார். வாசித்தார்.

"சூசைமாணிக்கம்."

மணி அடித்தது. அமைதி.

இன்ஜின் ஸ்டார்ட் ஆனது.

அந்த அமைதியில் அது ஒரு மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு 'உள்ளேன்' என்று சொன்ன மாதிரிதான் இருந்தது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு நான்கு வருடம் ஆனது: மெக்கானிக்கலில் முதல் வகுப்பு வாங்கிய நான், அந்தக் கணத்தில், சார் வந்துவிட்டார் என்று நம்பினேன்.

அடுத்த சத்தம் நல்லுசாமியண்ணனுடையது. "அய்யோ சாமீ!" முப்பது வருடம் லாரிக்கு அடியில் படுத்து எழுந்த மனிதர். அவர் சாய்ந்திருந்த பானெட் அவருக்குக் கீழே உயிர் பெற்றிருந்தது. வாயில் வெற்றிலையோடு அவர் கேட்டைத் திறக்கவில்லை, தாண்டினார். தாண்டி வந்து விழுந்த இடம் கல்லறைத் தோட்டம் என்பது தெரிந்ததும் இன்னொரு தடவை கத்தினார். ஜனங்கள் சிதறினார்கள். யாரோ உரக்க அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கினார்கள். மணி அடிக்கிற பையன் பயத்தில் நிறுத்தாமல் மணி அடித்துக்கொண்டே இருந்தான். ஃபாதர் மிச்சப் பெயர்களை ஒரே மூச்சில் வாசித்தார். கடைசிப் பெயரோடு இன்ஜினும் நின்றது.

டீச்சர் மட்டும் ஓடவில்லை. கல்லறைகளுக்கு நடுவே நேராக நடந்து, கேட்டைத் திறந்து, காரிடம் போனார். பானெட்டில் உள்ளங்கையை வைத்தார். கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். தோள்கள் குலுங்கின.

நாங்கள் பின்னாலேயே ஓடினோம். எட்டிப் பார்த்தேன். உள்ளே பச்சையாக எரிந்தது: 'ரெடி'.

எனக்கு உயிர் வந்தது. உயிரோடு சேர்ந்து வியாதியும் வந்தது.

"ஒண்ணுமில்ல டீச்சர்! நான்தான் வண்டிய அணைக்காம இறங்கிட்டேன்! சத்தம் வராதுல்ல, அதனால ஓடுதா நின்னுதான்னே தெரியாது. வர்ற வழியெல்லாம் பேட்டரியிலயே ஓட்டினேனா, அது வத்திப்போச்சு. வத்தினா இன்ஜின் தானா கிளம்பி சார்ஜ் ஏத்திக்கும். விளக்கு இருட்டினா தானா எரியும், அதுக்கு ஒரு சென்சார் இருக்கு..."

கணவன் பெயருக்கு அடித்த மணிச்சத்தம் காதில் ஓயாத ஒரு பெண்ணிடம், நான் பேட்டரி சார்ஜ் எத்தனை சதவீதத்துக்கு இறங்கினால் இன்ஜின் விழிக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். கை ஆட்டி. அம்மா என் இடுப்பில் கிள்ளியது மூன்று நாள் கன்றியிருந்தது.

டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"அணைக்காமலே இறங்கிட்டியா?"

"ஆமா டீச்சர்."

சிரித்தார். அழுதுகொண்டே சிரிப்பது என்பார்களே, அதை அன்றுதான் பக்கத்தில் பார்த்தேன்.

"அவரும் இப்படித்தான்மா. வாங்கின நாள்லேருந்து. போர்ட்டிகோல நிறுத்திட்டு அணைக்காம உள்ள வந்து காபி குடிப்பாரு. நான் பூப்பறிச்சிட்டு நிப்பேன், பின்னால வண்டி தானா உறுமும். உயிரோட இருக்கற மனுஷன் இப்படி பயமுறுத்தலாமான்னு திட்டுவேன்." பானெட்டைத் தடவினார். "எட்டு மாசமா அந்தச் சத்தம் கேக்கல."

அப்பாவின் கை சட்டைப்பையில் கவரைப் பாதி எடுத்திருந்தது. டீச்சர் அதைப் பார்த்தார்.

"மன்னிச்சுக்குங்க அந்தோணி சார். குடுக்க மனசு வரல."

அப்பா கவரை உள்ளே தள்ளினார். "வச்சுக்குங்க டீச்சர்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் வாங்கவிருந்த காரை, அதன் சிறப்புகளைச் செய்து காட்டியே இல்லாமல் ஆக்கியிருந்தேன்.

அவமானம் அதோடு முடியவில்லை. டீச்சரையும் வண்டியையும் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க, அந்த வண்டியை ஓட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கொண்டப்பநாயக்கன்பட்டியில் சாவியைக் கொடுத்துவிட்டு, அப்பா, அம்மா, நான் மூவரும் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு திரும்பினோம். நல்லுசாமியண்ணன் காரில் ஏறவே மாட்டேன் என்று கல்லறையிலிருந்தே நடந்து போய் நாமக்கல் பஸ்ஸைப் பிடித்துவிட்டார். அம்மாவுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா கம்பியைப் பிடித்தபடி என் பக்கம் குனிந்தார்.

"அந்த செவ்வாக்கிழம ஓமலூர் எதுக்குப் பாப்பா?"

எல்லாம் பார்த்திருக்கிறார். பார்த்தும் எனக்காக முன்பணம் எடுத்து வந்திருக்கிறார். அன்று ராத்திரி அந்தக் கணக்கை நானே அழித்தேன்.

அடுத்த மாதம் அப்பா ஒரு சின்ன பெட்ரோல் கார் வாங்கினார். நல்லுசாமியண்ணன் காதை வைத்துப் பார்த்து, "நல்லா கத்துதுங்க" என்று சான்றிதழ் கொடுத்தார். நான்கு வருடத்தில் அப்பா ஓட்டியிருக்கிற தூரத்துக்கு அதுதான் சரி. ஹைப்ரிட் வாங்கியிருந்தால் பெட்ரோலில் மிச்சம் பிடித்தது இன்ஷூரன்ஸ் வித்தியாசத்துக்கே காணாது. பேட்டரியை நினைத்து அப்பாவுக்குத் தூக்கம் போயிருக்கும். அதையெல்லாம் இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன். தினமும் நீளமாக ஓட்டுகிறவர்கள் வாங்கட்டும்; வாரம் ஒருநாள் கோவிலுக்குப் போகிறவர்களுக்கு வேண்டாம்.

அந்தக் கணக்குப்படி அதை வைத்திருக்கவே கூடாதவர் டீச்சர்தான். அவர் அறுபத்தொரு வயதில் லைசென்ஸ் எடுத்தார். வாரத்தில் நாலு கிலோமீட்டர் ஓட்டுகிறார். நின்று நின்றே, வண்டியை எழுப்புகிற சின்ன பேட்டரி இரண்டு தடவை செத்துப்போனது. வருடாவருடம் சர்வீஸ், இன்ஷூரன்ஸ். நான் ஒருமுறை வாய் தவறிக் கணக்குச் சொல்லப் போனேன். "பெட்ரோல் எவ்வளவு மிச்சம்னு நான் கேக்கலியேம்மா" என்றார்.

எங்கள் வீட்டில் போன கரண்ட் திரும்பி வந்து ஃபிரிட்ஜ் உறுமினால் அம்மா இன்றைக்கும் எழுந்து நின்று, "வாங்க சார், காபி சாப்பிடறீங்களா?" என்பாள். விருந்தாளிகள் விழிப்பார்கள். உடனே அப்பா முதலிலிருந்து கதையை ஆரம்பிப்பார். அவர் சொல்லும்போது நல்லுசாமியண்ணன் தாண்டுகிற கேட் வருடத்துக்கு ஒரு அடி உயர்கிறது.

ஃபாதர் இப்போது பெயர் வாசிப்பதற்கு முன், "அனைவரும் செல்போனையும் வாகனங்களையும் அணைத்துவிட்டீர்களா?" என்று மைக்கில் கேட்கிறார். கேட்கும்போது என்னைப் பார்க்கிறார். எல்லோரும் அணைத்திருப்பார்கள். கேட்டுக்கு எதிரே நிற்கிற ஒரு வெள்ளைக் காரைத் தவிர. இறந்த வருடம் தாண்டிவிட்டதால் சாரின் பெயர் பட்டியலில் இல்லை. வண்டி வேறு யாராவது ஒருவர் பெயருக்குக் கிளம்புகிறது. அந்தக் குடும்பத்தார் திடுக்கிட்டு, அப்புறம் ஒருவரையொருவர் பிடித்துக்கொள்கிறார்கள். ஃபாதர் மூன்றாம் வருடத்திலிருந்து அதற்காக ஒரு கணம் நிறுத்தி வாசிக்கப் பழகிவிட்டார்.

போன வருடம் ஜெபத்துக்கு முன்னால், முகம் தெரியாத ஒரு அம்மா என்னை ஓரமாக அழைத்தார். கையில் பூக்கூடை, பக்கத்தில் சின்ன மகள்.

"அந்த வண்டி விஷயம் தெரிஞ்ச பொண்ணு நீங்கதானா?"

"ஆமாங்க."

"எங்க வீட்டுக்காரர் பேரு ஏழாவதா வருதாம்." சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவர் பேருக்கு வண்டி உறுமற மாதிரி ஏதாவது பண்ண முடியுமா?"

முடியாது என்றுதான் சொல்ல வேண்டும். பேட்டரி அப்படி யார் சொல்லியும் கேட்காது. எனக்குத் தெரியும், நான் படித்தவள்.

டீச்சரிடம் சாவியை வாங்கிக்கொண்டு தெருமுனை வரை பேட்டரியிலேயே இரண்டு சுற்று ஓட்டிவிட்டு வந்தேன்.